குலவை பிரிண்ட்

அம்மாடி, கோவிச்சுக்கிறாத. போன்ல ஓடுற அந்தப் படத்தைக் கொஞ்சம் நிப்பாட்டிரு. இல்லாட்டி வயரைக் காதுல மாட்டிக்கிட்டுப் பாரு. என்னது, வயருல ஒரு பக்கந்தான் கேக்குதா? ஒரு பக்கம் கேட்டாப் போதும்த்தா, மாட்டிக்க. பஸ்ஸு பூராத்துக்கும் எதுக்குக் கேக்கணும்.

எனக்கு எடைஞ்சல்னு சொல்ல வரலை. மெட்ராஸ் போய்ச் சேர எம்புட்டு நேரமாகும், சும்மாவா உக்காந்துருக்க முடியும், நீ பாரு. ஆனா மொதல்ல பேரு போடுறப்ப ஒரு குலவை வந்துச்சுல்ல? நீ கூடச் சிரிச்சியே. அதைக் கேட்டா எனக்குக் கைகாலு வெலவெலத்துப் போகுது. இந்தா, கையைத் தொட்டுப் பாரு. ஐப்பசி மழைக் குளிருனு நெனைச்சிறாத. பயம்.

மெதுவாப் பேசு. பின் சீட்டுல முடியை ஒட்ட வெட்டிக்கிட்டு ஒருத்தரு இருக்காருல்ல, மாட்டுத்தாவணியில நமக்குப் பின்னாலயே ஏறுனாரு. அவரு போலீஸ் மாதிரி இல்ல? மொறைச்சுப் பாக்காத, சடையைப் பின்னால போடுற மாதிரி சும்மா திரும்பிப் பாரு. தூங்குறாரா? தூங்குறாரா, தூங்குற மாதிரி இருக்காரா? சரி விடு.

நீ என்ன படிக்கிற? நர்சுக்கா? நல்லது. நோயாளி ரகசியத்தை நர்சுக வெளிய சொல்லக் கூடாதுல்ல? அப்ப உங்கிட்டச் சொல்லலாம். ரெண்டு மாசமா உள்ளுக்குள்ளயே வச்சு வச்சு எனக்கு வயித்துல புண்ணு வந்துருச்சு. யார்ட்டயாச்சும் சொல்லலைனா இந்த பஸ்ஸுலயே விழுந்துருவேன்.

அந்தக் குலவை நான் போட்டது.

சிரிக்காதத்தா, சத்தியமா. எம்பேரு பஞ்சவர்ணம், மானாமதுரைப் பக்கம். பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்கிறேன். இந்தப் படத்தை எடுத்த டைரக்டரு, பூமிநாதன்னு பேரு வந்துச்சுல்ல, அவன் எங்கூடப் பொறந்த தம்பி. அவன் படத்தைத் தியேட்டர்ல வச்சு போன்ல புடிச்சது நாந்தான். நீ இப்பப் பாத்துக்கிட்டு இருக்கியே, இது நான் புடிச்சதுதான்.

அப்பிடிப் பாக்காத. நான் திருடி இல்லை. பத்தொம்பது வருசமா சத்துணவுல இருக்கேன், ஒரு முட்டையை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனது கெடையாது. ஒடைஞ்ச முட்டையைக் கூட டீச்சர்ட்டக் காமிச்சுட்டுத்தான் கீழ ஊத்துவேன். நான் டிக்கெட் எடுத்துட்டுத்தான் உள்ள போனேன். தெருவுல இருந்து பதினாலு பேரைக் கூட்டிக்கிட்டுப் போனேன். பதினாலு பேருக்கும் டிக்கெட்டு. எழுதிப் போட்டுருக்கிறது ஒரு வெலை, வாங்குறது ஒரு வெலை. கேட்டா, மொத வாரம் அப்பிடித்தாங்கிறான். பிள்ளைக பாப்கார்னு கேட்டுச்சுக. அதுக்குக் குடுத்த காசுக்கு நான் அரை மூடை மக்காச்சோளம் வாங்கிருவேன்.

மத்த படத்துக்கெல்லாம் நாங்க தியேட்டருக்குப் போறதே இல்லை. போன்லதான். எங்க தெருவுல ஒருத்தன் போன்ல வந்துட்டா எல்லார் போன்லயும் வந்துரும். அதுல என்ன இருக்கு, பெரிய பெரிய நடிகரு, கோடி கோடியா வாங்குறாக, அவுகளுக்கு எங்க காசு வந்துதான் நெறையப் போகுதா? ஆனா இது தம்பி படம். தம்பி படத்தைக் காசு குடுத்துத்தான் பாக்கணும்னு நாந்தான் எல்லார்ட்டயும் சொன்னேன். நீ ஏந்த்தா காசு கட்டிப் பாக்கலை? ஏதோ ஒரு ஆப்புல இப்ப வந்துருச்சுல்ல? நீங்கள்லாம் இப்பிடித் திருட்டுத்தனமாப் பாத்தா எந்தம்பி எப்பிடிப் பொழைப்பான்?

மாசத்துக்கு எத்தனை ஆப்புக்குத்தான் காசு கட்டுறதுன்னா கேக்குற? அதுவும் ஞாயந்தான். ஹாஸ்டலு பிள்ளை, நீ எங்க போவ.

அவன் கதையைக் கேளு. அவன் பொறக்குறப்ப எனக்குப் பன்னெண்டு வயசு. கதிர் அறுப்புக் காலம், தெருவுல ஒரு பொம்பளை இல்லை. வீட்டுல வலியெடுத்து ஆத்தா படுத்துருக்கு, மருத்துவச்சி மட்டும் இருக்கு. பிள்ளை வெளிய வந்துருச்சு. ஏண்டி பாத்துக்கிட்டு நிக்கிற, குலவையைப் போடுடி, பிள்ளை சும்மாவா பூமிக்கு வாரதுங்குது கெழவி. நான் அதுவரைக்கும் குலவை போட்டதே இல்லை. வெக்கமாக் கெடந்துச்சு. நாக்கைச் சொழட்டிக் கண்ணை மூடிக்கிட்டுப் போட்டேன் பாரு, வயக்காட்டுல நின்னவுகளுக்குக் கேட்டுச்சாம். அன்னையில இருந்து எங்க ஊருல காது குத்தா, சடங்கா, அம்மன் பொங்கலா, எந்த விசேசம்னாலும் மொதக் குலவை பஞ்சவர்ணந்தான்.

இந்தப் பல்லைப் பாரு. மேல, முன்னாடி. பாதி இல்லை. அவனுக்கு அஞ்சு வயசுல பம்பரம் விடுறேன்னு சாட்டையைச் சுண்டுனான், பம்பரம் நேரா எம்பல்லுல வந்து அடிச்சுச்சு. ரெத்தத்தைப் பாத்துட்டு அவந்தான் அழுகுறான், நான் இல்லை. அதுல இருந்து குலவையை முடிக்கிறப்ப கடைசியில சின்னதா ஒரு விசிலு வரும். கேட்டியா நீ? அதே விசிலுதான்.

இப்பப் புரியுதா நான் ஏன் நடுங்குறேன்னு? உலகத்துல அப்பிடி ஒரு குலவை ஒண்ணே ஒண்ணுதான்.

எதுக்குப் புடிச்சன்னு கேளு. எங்க வீட்டுக்காரரு சவுதியில லாரி ஓட்டுறாக. ஆறு வருசம் ஆச்சு. மச்சான் படம் வருதுன்னதும் மனுசன் சின்னப் பிள்ளையாயிட்டாக. ஆனா அங்கிட்டு இந்தப் படம் ரிலீஸ் இல்லையாம். சின்னப் படத்தையெல்லாம் அங்க போட மாட்டாகளாம். “ஒரே ஒரு தியேட்டர்ல போட்டிருந்தாக்கூட முந்நூறு கிலோமீட்டர் ஓட்டிப் போயிப் பாத்துருப்பேன் பஞ்சு, கேட்ட காசைக் குடுத்துருப்பேன்”னு போன்ல சொன்னாக. நானும் மனுசிதான. அவுக அனுப்புன போன்தான் எங்கிட்ட இருக்கு, நல்ல பெரிய போனு. நீ கவலைப்படாத, நான் புடிச்சு அனுப்புறேன்னு சொல்லிட்டேன். தம்பிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணவே இல்லை. கல்யாண வீட்டுல புடிக்கிறமாதிரித்தான நெனைச்சேன். அக்கா தம்பிக்குள்ள என்ன கேக்கிறது.

மடியில சாப்பாட்டுப் பையை வச்சு, அது மேல போனை நிறுத்தி, முந்தானையால ஒரு ஓரமா மூடிக்கிட்டேன். ரெண்டேகால் மணி நேரம், ஒரு ஆட்டம் அசைவு இல்லை. முந்நூறு பிள்ளைக்குச் சாம்பார் கிண்டுற கைத்தா இது. கேமராப் பிரிண்டுலயே இவ்வளவு ஆடாம எடுத்தது இதுதான்னு கீழ எழுதிருக்கானுக. எங்க ஓரகத்தி மக வாசிச்சுக் காமிச்சா. நல்லாத்தான் புடிச்சிருக்கோம்னு எனக்கே ஒரு நிமிசம்... சரி, அதை விடு.

பேரு வந்துச்சு. எழுத்து, இயக்கம், ரெ.பூமிநாதன். ரெ எங்கய்யா பேரு. திரையில எம்புட்டுப் பெருசாத்தா எழுதியிருந்துச்சு! ஒம்பது வருசம் அவன் யார் யார்ட்டயோ நின்னான். பொங்கலுக்கு ஊருக்கு வந்தா சட்டைக் காலரு நூல் பிரிஞ்சு தொங்கும். அதைத் தைச்சுக் குடுத்து அனுப்புவேன். அந்தப் பேரைப் பாத்ததும் மடியில போன் ஓடுறதே எனக்கு மறந்துபோச்சு. வாயி தானாத் தெறந்துக்கிச்சு. ஏழு குலவை போட்டேன். எங்க தெருப் பொம்பளைகளும் கூடச் சேந்துச்சுக, ஆனா போன் எம்மடியில இருக்கு, எஞ்சத்தந்தான் மேல நிக்கிது.

அன்னைக்கு மத்தியானமே படத்தை அவுகளுக்கு அனுப்பிட்டேன். போயிச் சேர ராத்திரி ஆயிருச்சு. அவுக ரூம்ல எட்டுப் பேரு. எட்டுப் பேரும் கட்டில்ல உக்காந்து பாத்தாகளாம். என் மச்சான், என் மச்சான்னு இவுக எல்லாத்துக்கும் டீ வாங்கிக் குடுத்துருக்காக. அதுல ஒருத்தன், புண்ணியவான், எனக்கும் அனுப்புங்கண்ணேன்னு கேட்டானாம். அனுப்பியிருக்காக. அவன் எங்கிட்டு அனுப்புனானோ, எவன் தூக்கிப் போட்டானோ, சனிக்கிழமை நான் பால் வாங்கப் போறேன், பால்காரன் போன்ல எங்குலவை கேக்குது.

“அக்கா, ஒங்க தம்பி படம் வந்துருச்சு, யாரோ ஒரு கிறுக்கச்சி குலவை போடுறா பாருங்க”ங்கிறான்.

பால் தூக்கைக் கீழ போட்டுட்டேன்.

அதுக்குப் பேரே வச்சுட்டானுக, குலவை பிரிண்டுனு. கேள்விப்பட்டிருக்கல்ல? அந்தக் குலவையை மட்டும் வெட்டி எடுத்து, கிரிக்கெட்டுல சிக்சர் அடிச்சாப் போடுறானுக, அரசியல்வாதி கீழ விழுந்தாப் போடுறானுக. எங்க ஸ்கூல்ல அஞ்சாவது படிக்கிற பிள்ளை, சோத்துக்குத் தட்டை நீட்டிக்கிட்டு அந்தக் குலவை போடுது. கடைசி விசிலோட!

படம் அஞ்சே நாள்ல தூக்கிட்டாக. நல்ல படம்னு பேப்பர்லயெல்லாம் எழுதுனாக, ஆனா தியேட்டர்ல ஆளு இல்லை. ஏதோ ஒரு கம்பெனி போன்ல போடுறதுக்கு நல்ல வெலை பேசி வச்சிருந்துச்சாம். ஊரே பாத்துருச்சு, இனி எங்களுக்கு எதுக்குன்னு சொல்லி, பேசுனதுல கால்வாசிக்கு முடிச்சுக்கிட்டாக. படத்துக்குக் காசு போட்டவரு குமரகுருன்னு ஒருத்தரு. வீட்டை அடகு வச்சுப் படம் எடுத்த மனுசன். வீடு போச்சு. அவரு எந்தம்பிக்கு அடுத்த படமும் தாரேன்னு சொல்லியிருந்தாரு, அதுவும் போச்சு. அவருதான் போலீசுல எழுதிக் குடுத்தது. டிவியில சொன்னாரு, நான் பாத்தேன்: “அந்தக் குலவை எங்காதுலயே நிக்கிது. தூக்கத்துல கேட்டாலும் கண்டுபுடிச்சிருவேன். அது எனக்கு அடிச்ச சாவு மணி”னாரு.

சாவு மணிங்கிறாருத்தா. எங்குலவையை.

பக்கத்துல எந்தம்பி உக்காந்துருக்கான். எளைச்சுப்போயி, கன்னமெல்லாம் ஒட்டிக்கெடக்கு. ஒரு பத்திரிகைக்காரன் மைக்கை நீட்டி, சார், ஒங்க ஊர்ப்பக்கம் இப்பிடித்தான் குலவை போடுவாகளாமே, யாருன்னு அடையாளம் தெரியுதானு கேட்டான். தம்பி தண்ணிப் பாட்டிலை எடுத்துக் குடிச்சான். ரொம்ப நேரம் குடிச்சான். பெறகு எந்திரிச்சு வெளிய போயிட்டான். அவனுக்குத் தெரியலைனு அப்பத்தான் எனக்கு உசுரு வந்துச்சு. மெட்ராஸ் போயி எத்தனை வருசம் ஆச்சு, ஊருக் குலவையெல்லாம் மறந்துருப்பான்.

இதைவிட ஒண்ணு கேளு. படத்துக்குள்ளயே கண்ணுக்குத் தெரியாத அடையாளம் வச்சிருப்பாகளாம். எந்தத் தியேட்டரு, எந்தக் காட்சின்னு அதுல தெரிஞ்சுருமாம். எங்க ஊருத் தியேட்டரு, வெள்ளிக்கிழமை காலைக் காட்சின்னு போலீசு கண்டுபுடிச்சிருச்சு. தம்பியைக் கூப்புட்டுக் கேட்டுருக்காக, ஒங்க வீட்டு ஆளுக யாரு அன்னைக்குப் படம் பாத்ததுனு. அவன், எங்கக்கா அன்னைக்கு ஊர்லயே இல்லை, ரெண்டாவது நாள்தான் பாத்துச்சுனு சொல்லிருக்கான். அவன் பொண்டாட்டி தாரிணிதான் போன்ல சொன்னா. பாவம், கவலையில அவனுக்குப் புத்தி தடுமாறிருச்சு. வியாழக்கிழமை போன் பண்ணி மொத நாள் மொதக் காட்சிக்குப் போறோம்டானு நாந்தான் சொன்னேன். அவனும், நல்லாப் பாருக்கான்னு சொன்னான். அதையே மறந்துட்டான் பாரு. மறந்ததும் நல்லதாப் போச்சு.

எங்க தெருவும் வாயைத் தெறக்கலை. ஆனா பதினாலு வாய். ஒவ்வொரு வாயா எண்ணிக்கிட்டே படுத்துருப்பேன். அந்தப் பதினாலுல பேச்சியம்மாளுக்கும் எனக்கும் கொழாயடியில ஒரு சண்டை. அதுல இருந்து தெனமும் அவளுக்கு மொத ஆளா நானே கொடம் புடிச்சுக் குடுக்கேன்.

யாரு? ஆபரேட்டரா? எந்த ஆபரேட்டரு?

ஓ, தியேட்டர் ஆபரேட்டரை ஒண்ணும் பண்ணலையானு கேக்குறியா. பண்ணுனாக. சேவுகன் அண்ணனை. ஒனக்குத் தெரியாம எப்பிடிப் புடிக்க முடியும், நீ எம்புட்டு வாங்குனன்னு கேட்டு, மூணு நாளு வச்சிருந்தாக. அப்பறம் விட்டுட்டாக. முதலாளி வேலையை விட்டு நிப்பாட்டிட்டாரு. வயசான மனுசன், காது கொஞ்சம் மந்தம், அவருக்குக் குலவையே கேட்டுருக்காது. அவரு பொண்டாட்டிக்கு நான் முப்பது முட்டை வாங்கிட்டுப் போயிக் குடுத்தேன். சொந்தக் காசுல. ஏன் குடுக்கிறனு கேட்டாக. சும்மா, பழக்கத்துக்குன்னேன்.

நீ ஏன் மூஞ்சியைத் திருப்புற? நான் போயிச் சொல்லியிருக்கணுங்கிறியா? சொன்னா மூணு வருசம் உள்ள போட்டுருவாகளாம்த்தா. என் வேலை என்னத்துக்கு ஆகுறது? டைரக்டரோட அக்காவே தம்பி படத்தைத் திருடுனான்னு பேப்பர்ல போட்டா, எந்தம்பி எங்கிட்டுப் போயி நிப்பான்? நான் ஒண்ணும் எனக்காகப் பயப்படலை. எனக்காகவுந்தான். விடு, அந்தப் பேச்சை எடுக்காத.

இந்தா, திருச்சி வந்துருச்சு. பின் சீட்டுக்காரரு எறங்குறாரு, பாரு. மேல இருந்து என்ன எடுக்கிறாரு? முருங்கைக்காய்க் கட்டு. போலீசுக்காரன் முருங்கைக்காய் கொண்டுபோவானா? மாட்டான்ல. எங்கயோ மாமியா வீட்டுக்குப் போறவர் போல. அப்பாடா. இப்பக் கொஞ்சம் மூச்சு விட்டுக்கிறேன்.

ஆனா எம்பயம் பின் சீட்டுல இல்லைத்தா. நாளைக்கு இருக்கு.

நாளைக்குத் தாரிணிக்கு வளைகாப்பு. மெட்ராஸ்ல ஏதோ ஒரு மண்டபத்துல. எங்க வழக்கத்துல நாத்தனாதான் மொத வளையல் போடணும், போட்டுக் குலவை விடணும். நான் ஒருத்திதான் நாத்தனா. ஊருல இருந்து எங்க சித்தி, பெரியம்மா மக்க எல்லாம் ரயில்ல நேத்தே போயிட்டாக. எனக்குப் பள்ளிக்கூடத்துல லீவு கெடைக்கலைனு சொல்லி நான் தனியா வாரேன். உண்மையில, கடைசி வரைக்கும் போகாம இருந்துறலாம்னுதான் பாத்தேன். தம்பி முந்தாநாளு போன் பண்ணி, “அக்கா, நீ வரலைனா வளைகாப்பே வேணாம்”னுட்டான். என்ன செய்யச் சொல்லுற?

குமரகுரு வாராராம். வீடு போனாலும் மனுசன் தம்பி மேல பிரியத்தை விடலை. வாராரு, முன் வரிசையில உக்காருவாரு. நான் வாயைத் தெறந்து ஒரு குலவை போட்டாப் போதும். கடைசி விசிலு வந்ததும் அந்த மனுசன் எந்திரிச்சிருவாரு. போடாம நின்னா, எங்க சித்தி சும்மா இருக்குமா? தம்பி பிள்ளைக்குக் குலவை போட மாட்டேங்கிறா, என்ன பகையோன்னு மண்டபத்துலயே ஆரம்பிச்சிரும்.

குலவையை மாத்திப் போட்டுப் பாத்தேன். தலகாணியை வாயில அமுக்கிக்கிட்டு ஒரு வாரம் பழகுனேன். வேற மாதிரி வரவே மாட்டேங்குது. நாக்கு, கட்டுன மாடு மாதிரி அதே எடத்துலதான் போயி நிக்கிது. பல்லு டாக்டர்ட்டப் போயி, இந்தப் பாதிப் பல்லைப் புடுங்கிருங்கன்னேன். “நல்லா இருக்கிற பல்லை எதுக்கும்மா புடுங்கணும், வலிக்குதா”ங்கிறாரு. வலிக்குதுன்னு சொன்னேன். தட்டிப் பாத்துட்டு, பொய் சொல்லாதீகன்னு அனுப்பிட்டாரு.

இரு, போன் அடிக்குது. யாத்தே. அவந்தான். தம்பி. கண்டுபுடிச்சுட்டாக போல. போலீசு வீட்டுக்கு வந்துருச்சு போல. நீ இந்தக் கையைப் புடிச்சுக்க.

அலோ... ஆமாடா, ஏறிட்டேன். திருச்சியில நிக்கிது. சாப்புட்டேன், சாப்புட்டேன். ஒண்ணுமில்லையே, வண்டிச் சத்தத்துல கொரலு அப்பிடிக் கேக்குது... ம்... தாரிணி நல்லா இருக்காளா... என்னது? எனக்கா? இல்லையேடா, நான் நல்லாத்தான இருக்கேன்... ம்... ம்... என்ன கேட்ட? ... ஆமா. அப்பிடியேதான் இருக்கு... சரி. சரிடா. சரி... வச்சுர்றேன்.

அம்மாடி, தண்ணி இருந்தாக் கொஞ்சம் குடு.

என்ன சொன்னான்னு கேளு. “அக்கா, ஒனக்குத் தொண்டை கட்டிப்போச்சு, பேச்சே வரலைனு இங்க எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். சித்திட்டயும் சொல்லிட்டேன். நாளைக்கு நீ வளையலை மட்டும் போட்டுட்டுத் தள்ளி நின்னுக்க. குலவையைச் சித்தி போட்டுக்கிரும்”ங்கிறான். எனக்குத் தொண்டை கட்டலையேடாங்கிறேன் நான், கிறுக்கச்சி மாதிரி. கட்டிருக்குக்காங்கிறான். வச்சுருவான்னு பாத்தா, வைக்கலை. மெதுவாக் கேக்குறான்: “பல்லு இன்னும் அப்பிடியேதான் இருக்காக்கா?”

அவனுக்குத் தெரியும்த்தா.

டிவியில தண்ணி குடிச்சான்ல, அப்பவே தெரியும். அக்கா ஊர்ல இல்லைனு போலீசுல சொன்னான்ல, மறந்து சொல்லலை, தெரிஞ்சுதான் சொல்லியிருக்கான். மொத நாளே அவனுக்குத் தெரியும். ரெண்டு மாசமா வாரா வாரம் போன்ல, சாப்புட்டியாக்கா, மாமா பேசுனாகளாக்கானு கேட்டானே, ஒரு வார்த்தை, ஏங்க்கா இப்பிடிப் பண்ணுனன்னு ஒரு வார்த்தை கேக்கலையே. கேட்டு, நாலு வசவு வஞ்சிருந்தா நான் அன்னைக்கே அழுது முடிச்சிருப்பேனே.

இம்புட்டு நாளும் போலீசுக்குத்தான் பயந்தேன். இப்ப அவன் மூஞ்சியைப் பாக்கப் பயமா இருக்கு. நாளைக்கு மண்டபத்து வாசல்ல நிப்பான். வாக்கான்னு பையை வாங்குவான். நான் எங்கிட்டுப் பாக்கிறது? எனக்காக அவனும் பொய் சொல்லியிருக்கான், அது வெளிய வந்தா அவனையும் சேத்துல்ல இழுப்பாக. சேவுகன் அண்ணன் விசயமும் அவனுக்குத் தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சும் என்னையத்தான் காப்பாத்தியிருக்கான். நீ அப்பிடிப் பாக்காத, ஒங்கண்ணைப் பாக்கவே எனக்கு முடியலை.

அவன் பூமிக்கு வந்தன்னைக்கு மொதக் குலவை போட்டவ நான். அவன் பிள்ளை வரப்போகுது, நான் ஊமையா ஓரத்துல நிக்கணும். சித்திக்கு நாலு குலவைக்கு மேல மூச்சு வாராது. ஏழு போடணும்த்தா. ஏழு.

வண்டி எடுத்துட்டான். நீ படத்தைப் பாதியில நிப்பாட்டிட்டல்ல, என்னால. முழுசா நானும் பாக்கலை, தெரியுமா? ரெண்டேகால் மணி நேரமும் போன் நேரா இருக்கா, சாயுதான்னு போனையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன். கதை என்னன்னு யாராச்சும் கேட்டாச் சொல்லத் தெரியாது எனக்கு.

அம்மாடி, அதை ஆரம்பத்துக்குக் கொண்டு போயேன். பேரு வர்ற எடத்துக்கு. வேணாம், வெளிய சத்தம் வைக்காத. அந்த வயரை எடு. கேக்குற பக்கத்தை எனக்குக் குடு.